பார்பெல்லும் நடுப்பிராயமும்

மனிதன் தன் பலம் எவ்வளவு என்று அறிந்துகொள்ள ஆசைப்பட்டது எத்தனை பழமையோ, அதற்காக ஊர் நடுவில் ஒரு கல்லைப் போட்டு வைத்த வழக்கமும் அத்தனை பழமையானது. தென்பாண்டிச் சீமையின் கிராமங்களில் சாவடியோரத்தில் உருண்டு திரண்டு வழவழவென்று கிடக்கும் இளவட்டக்கல்லை இன்றும் சில இடங்களில் காணலாம். திருநெல்வேலி மாவட்டத்து வடலிவிளையில் பொங்கலையொட்டி அதைத் தோளுக்கு மேல் ஏற்றிப் பின்புறமாகப் போடும் போட்டி இன்னமும் நடைபெறுகிறது. ஸ்காட்லாந்தின் மலைநாட்டிலும், கிடக்கும் கல்லை இடுப்பளவு உயர்த்தி ஒரு சுவரின்மேல் வைக்கத் தெரிந்தவனையே ஆண்மகன் என்று மதித்தார்கள். கிரேக்க நாட்டில் ஒலிம்பியாவில் கிடைத்த 143 கிலோ சொச்சம் எடையுள்ள மணற்கல் ஒன்றில், பைபோன் என்பவன் அதை ஒரே கையால் தலைக்கு மேல் வீசியெறிந்தான் என்று கிறிஸ்துவுக்கு முன் ஆறாம் நூற்றாண்டிலேயே பொறித்து வைத்திருக்கிறார்கள். அந்த ‘ஒரே கையால்’ என்பதை எவ்வளவு தூரம் நம்புவது என்பதை வாசகர்களின் தாராள மனத்துக்கே விட்டுவிடுகிறேன்.

இந்தக் கற்களுக்கெல்லாம் பொதுவான ஒரு குணம் உண்டு. அவை பரீட்சை வைக்கும். பாடம் சொல்லித் தர மாட்டா. எண்பது கிலோ எடையுள்ள கல் திங்கட்கிழமையும் எண்பது கிலோதான், வெள்ளிக்கிழமையும் எண்பது கிலோதான். நாற்பது கிலோவுக்கே தகுதியுள்ளவன் அதன் முன் வந்து நின்றால், ‘போய் வளர்ந்து வா’ என்று சொல்வதைத் தவிர அதற்கு வேறு வார்த்தை தெரியாது. வளர்ந்து வரும் வாலிபனுக்கு அந்த வார்த்தை போதும், இயற்கையே அடுத்த வருஷத்துக்குள் அவன் சரீரத்தில் பாதி வேலையைச் செய்துவிடும். நாற்பத்தைந்து பிராயத்தைக் கடந்தவனுக்கோ காலம் எதிர்த் திசையில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆகையால் கல்லோடு அவனுக்கு இருந்த சம்பந்தமெல்லாம், தான் வாலிபத்தில் அதைத் தூக்கிய கதையைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்வதோடு முடிந்துபோயிற்று. பலம் என்பது ஒருமுறை வந்து ஒருமுறை போவது, போனபின் வரவழைக்க வழியில்லாதது என்ற எண்ணம் உலகமெங்கும் வேரூன்றியதற்கு, தூக்கிப் பார்க்க மனிதர்களுக்குக் கிடைத்த பொருள்கள் இப்படி மாறாத எடையுடையனவாக இருந்ததும் ஒரு முக்கியமான காரணம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

சிறுகச் சிறுகக் கூட்டினால் பலம் விருத்தியாகும் என்பதை முன்னோர் அறியாமல் இல்லை. குரோட்டன் நகரத்து மல்லன் மைலோ ஒரு கன்றைத் தினமும் தூக்கி வந்து, அது காளையான பிறகும் தூக்கினான் என்ற கதையை அறியாதார் சிலரே. ஆனால் கன்று தன் இஷ்டப்படி வளருமேயன்றி, மைலோவைக் கேட்டுக்கொண்டு வளராது. அவனுக்கு ஒரு வாரம் ஜுரம் வந்து படுத்தால், அந்த வாரமும் அது புல் தின்று பெருக்கத்தான் செய்யும். அதே மைலோ கிழப்பருவத்தில், பயிற்சி செய்யும் வாலிபர்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தன் கைகளைக் குனிந்து நோக்கி, இவை செத்துப்போய்விட்டனவே என்று கண்ணீர் உகுத்தானாம். முதுமையைப் பற்றித் தாம் எழுதிய நூலில் ரோமாபுரியின் சிசரோ இதை எடுத்துக் காட்டி, அவனைச் சற்று ஏளனமும் செய்கிறார். ஏளனம் செய்வது சுலபம். அழுத கிழவனிடம் ஒரு சிறு எடையைக் கொடுத்து ‘இதிலிருந்து தொடங்கு’ என்று சொல்ல அந்த மகா அறிஞருக்கும் தோன்றவில்லை.

அப்படிச் சொல்லத் துணிந்தவர்களுள் முதல்வர் என்று கருதத்தக்கவர், அமெரிக்காவில் பாஸ்டன் நகரை அடுத்த ராக்ஸ்பரியைச் சேர்ந்த டாக்டர் ஜார்ஜ் பார்க்கர் வின்ட்ஷிப். ஹார்வர்டு கலாசாலையில் பயின்ற காலத்தில் உருவத்தில் சிறியவராக இருந்து, சக மாணவன் ஒருவனால் அவமானப்படுத்தப்பட்டு, அந்த ரோஷத்தாலேயே தேகாப்பியாசத்தில் இறங்கியவர் இவர். ராச்செஸ்டர் நகரத்தில் தெருவோரம் வைத்திருந்த பளு தூக்கும் இயந்திரம் ஒன்றில் தம் சக்தியைச் சோதித்துப் பார்த்து, அது தாம் நினைத்திருந்ததைவிடக் குறைவாக இருக்கக் கண்டு வெட்கி, ஊர் திரும்பியதும் கல்லும் மணலும் நிரப்பிய பீப்பாய் ஒன்றைத் தரையில் பதித்து, அதை எழுப்பிப் பழகத் தொடங்கினார். மருத்துவப் பட்டமும் பெற்று, பலமே ஆரோக்கியம் என்று ஊர் ஊராகச் சொற்பொழிவு ஆற்றப் புறப்பட்டார். ஆயிரக்கணக்கான பவுண்டுகளைப் பூமியிலிருந்து எழுப்பத் தெரிந்த அந்த வீரர், 1859-ஆம் வருஷம் பாஸ்டனில் முதன்முதலாக மேடையேறியபோது சபைக் கூச்சத்தால் மயக்கமுற்றார் என்பதை அவரே பின்னர் ஒளிவு மறைவின்றி எழுதியிருக்கிறார். அந்த நேர்மைக்காகவே அவரிடம் எனக்கு ஒரு தனி மதிப்பு உண்டு.

அவர் உபதேசித்த முறை, முழங்காலைச் சற்றே மடித்து, முதுகை நிமிர்த்தி நின்று, பெரும் பளு ஒன்றைச் சில அங்குலம் மாத்திரம் எழுப்பி இறக்குவது. தோளில் பூட்டிய வாரின் துணையோடு அவர் 2,000 பவுண்டுக்கு மேலும் எழுப்பிக் காட்டினார். 1865-ல், எடையைக் கூட்டவும் குறைக்கவும் தக்க கைப்பளு ஒன்றுக்குக் காப்புரிமையும் பெற்றார். அவரைப் பின்பற்றி டேவிட் பட்லர் போன்றவர்கள், ஜனங்கள் பணம் கொடுத்து வந்து தூக்கிவிட்டுப் போகும் கூடங்களை நிறுவினார்கள். பட்லர் இம்முறையை ஒரு சிகிச்சையாகவே வர்ணித்து 1868-ல் நூலும் எழுதினார். அந்தக் கூடங்களுக்கு வந்தவர்கள் யார் என்பதுதான் நமக்கு முக்கியமான விஷயம். காரியாலயத்தில் நாள் முழுதும் உட்கார்ந்து உடம்பு கனத்துப்போன வியாபாரிகளும், வக்கீல்களும், பாதிரிமார்களும், கணிசமான ஸ்திரீகளும் வந்தார்கள். உடை மாற்ற வேண்டியதில்லை. தினம் பத்து நிமிஷம் போதும். இயந்திரத்தில் எடையைச் சிறிது சிறிதாக ஏற்றிக்கொள்ளலாம். நடுப்பிராயத்தில் பளு தூக்கத் தொடங்குவது ஒரு நகரத்துப் பழக்கமாகவே ஆகிவிடும் போல் இருந்தது.

அந்தச் சமயத்தில், 1876-ல், வின்ட்ஷிப் தமது 42-ஆம் பிராயத்தில் மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டுக் காலமானார். கனமான பளுவே அவரைக் கொன்றது என்று ஜனங்கள் தீர்ப்புச் சொன்னார்கள். மருத்துவர்களிலும் பலர் அதையே ஆமோதித்தார்கள். பலத்தைப் பிரசாரம் செய்தவர் ஒருவர் அகாலத்தில் இறந்துபோனால், அந்தப் பிரசாரம் முழுவதும் அவரோடு புதைக்கப்படுவது உலக இயல்பு. கூடங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பளு தூக்கினால் இருதயம் கெடும், தசைகள் இறுகிக் கட்டையாகிவிடும், நாற்பதுக்கு மேல் அது தற்கொலைக்குச் சமானம் என்ற பயம் மருத்துவ சாஸ்திரத்தின் உடையணிந்து முக்கால் நூற்றாண்டு உலவியது.

அந்த இடைக்காலத்தில் பார்பெல் நாடக மேடைக்குப் போய்விட்டது. இரு முனையிலும் இரும்புக் குண்டு பொருத்திய தண்டு அது. பாரிஸில் இப்போலித் திரியா பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவே நடத்திய பெருங்கூடத்தில் சிறிய உருவில் பயன்பட்ட சாதனம், இப்போது பயில்வான்களின் கையில் பூதாகாரமாய்ப் பருத்தது. லூயி உனி என்ற இயற்பெயருடைய அப்போலோன் பயன்படுத்திய, ரயில் வண்டிச் சக்கரங்கள் பூட்டிய 166 கிலோ அச்சுத்தண்டை, அது கை கொள்ளாப் பருமன் உடையதாகையால், 1930-ல் ஷார்ல் ரிகுலோ தூக்கும்வரையில் எவராலும் முறைப்படி தலைக்கு மேல் ஏந்த முடியவில்லை. அதுவும் இளவட்டக்கல்லின் ஜாதிதான். இரும்பில் செய்தது என்பதொன்றே வித்தியாசம்.

மேடைப் பயில்வான்களில் கீர்த்தி வாய்ந்த யூஜின் சாண்டோ 1897-ல் லண்டனில் தேகப்பயிற்சி நிலையம் ஒன்றைத் திறந்தார். நாற்பது பிராயத்தை ஒட்டிய கனவான்கள் அவரை நாடி வந்தார்கள். ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய கானன் டாயிலும் அவர்களுள் ஒருவர். 1901-ல் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் சாண்டோ நடத்திய தேக அழகுப் போட்டியில் டாயில் நடுவர்களில் ஒருவராக அமர்ந்தார். 1907-ல் சாண்டோவின் புத்தகத்துக்கு முன்னுரையும் எழுதினார். ஆனால் ஒரு விநோதம்: மேடையில் பெரும்பாரத் தண்டுகளைத் தூக்கிப் புகழடைந்த சாண்டோ, ஜனங்களுக்கு விற்றதெல்லாம் கைப்பிடியில் வில் பொருத்திய இலேசான டம்பெல்களை. கனமானது பயில்வானுக்கு, இலேசானது கனவானுக்கு என்ற பாகுபாடு இவ்வாறு வியாபாரத்துக்கும் அநுகூலமாக அமைந்தது. 1904-05-ல் அவர் இந்தியாவிலும் சுற்றுப்பிரயாணம் செய்து பெருங்கூட்டங்களைக் கவர்ந்தார். நம் நாட்டு வாலிபர் பலருக்குத் தேகப்பயிற்சி மோகம் பிறந்ததில் அந்த விஜயத்துக்கும் பங்கு உண்டு.

அந்தப் பாகுபாட்டை உடைத்தது ஒரு தபால் வியாபாரம். அமெரிக்காவில் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஆலன் கால்வர்ட், சாண்டோவின் தேகத்தைக் கண்டு வியந்தவர். அத்தகைய தேகத்தை ஜனங்களும் அடைய வேண்டுமானால் எடையை மாற்றத்தக்க பார்பெல் அவர்கள் வீட்டில் இருக்க வேண்டும் என்று தெளிந்து, 1902-ல் மைலோ பார்பெல் கம்பெனியை நிறுவினார். கன்று தூக்கிய மல்லனின் பெயரையே சூட்டியது பொருத்தமானதுதான். தண்டின் முனைகளில் உள்ள கூடான குண்டுகளுக்குள் ஈயச் சிறு உருண்டைகளை இட்டு எடை ஏற்ற வேண்டும். ஒரு பக்கம் கொஞ்சம் அதிகமாகிவிட்டால் தண்டு சாயும். பாதி நிரம்பிய குண்டுக்குள் ஈயம் கலகலவென்று உருளும். இத்தனை தொல்லைகள் இருந்தும் அதோடு கூடவே அனுப்பிய பாடக்குறிப்பு விலைமதிப்பற்றது: தாங்கக்கூடிய எடையில் தொடங்கு, எத்தனை தடவை தூக்குகிறாய் என்று எண்ணிக்கொண்டு வா, குறித்த எண்ணிக்கையை எட்டியதும் எடையைச் சிறிது கூட்டி, எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டு மறுபடியும் தொடங்கு. பிராயம் என்ன, உருவம் என்ன என்ற கேள்விக்கே அதில் இடமில்லை. பின்னாளில் கம்பெனியை விற்றுவிட்ட கால்வர்ட், கனத்த எடைகளுக்கு விரோதமாகவே எழுதத் தொடங்கினார்! தாம் திறந்த கதவைத் தாமே சாத்தப் பார்த்த மனிதர் அவர். நல்ல வேளையாக அதற்குள் பலர் உள்ளே நுழைந்துவிட்டார்கள்.

ஈயத் தொல்லையை ஒழித்தவர்கள் ஜெர்மானியர். நடுவே துளையுள்ள இரும்பு வட்டுகளைத் தண்டில் கோத்துத் திருகுபிடியால் இறுக்கும் முறை அங்கே உருவாகி, நூரம்பர்க் நகரத்துக் காஸ்பர் பெர்க் செய்த, வட்டுகள் சுழலத்தக்க தண்டு 1928-ஆம் வருஷத்து ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் பந்தயத்தில் பயன்பட்டது. இன்று உலகெங்கும் உள்ள கூடங்களில் காணப்படும் ஏழடிச் சொச்சம் நீளமும் 20 கிலோ எடையும் உடைய தண்டு அதன் வாரிசே. போட்டிக்காரர்களுக்காகச் செய்த இந்தச் சாதனத்தால் அதிகப் பயன் அடையப்போகிறவர்கள் போட்டியில் கலந்துகொள்ளாதவர்களே என்பதை அப்போது யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

சாதனம் வந்துவிட்டது, பயம் மாத்திரம் போகவில்லை. மாசசூசெட்ஸ் ராஜ்யத்து ஸ்பிரிங்ஃபீல்டு கலாசாலையில் சரீர சாஸ்திரம் போதித்த பீட்டர் கார்ப்போவிச், பளு தூக்குகிறவர்கள் தசை இறுகி அசையமாட்டாதவர்களாய்ப் போவார்கள் என்று மாணவர்களுக்குச் சொல்லி வந்தவர். 1940-ல் பாப் ஹாஃப்மன் என்பவர் தம் பளுதூக்கும் குழுவினரோடு அங்கே வந்து பளு தூக்கிக் காட்டியபோது, கார்ப்போவிச் எழுந்து, ஜான் கிரிமெக் என்ற புகழ்பெற்ற பலசாலியைப் பார்த்து, தம் முதுகைத் தாமே சொறிந்து காட்ட முடியுமா என்று கேட்டார். சபை சிரித்தது. கிரிமெக் வேண்டிய இடமெல்லாம் சொறிந்து காட்டியதோடு நில்லாமல், முழங்காலை மடக்காமல் குனிந்து முழங்கைகளால் தரையைத் தொட்டும், கால்களை இருபுறமும் முழுதும் விரித்து அமர்ந்தும் காட்டினார். கார்ப்போவிச்சின் பெருமை எங்கே இருக்கிறதென்றால், தோற்றுப்போன கேள்வியோடு வீட்டுக்குப் போய்விடாமல் அதை ஆராய்ச்சியாக்கியதில் இருக்கிறது. பளு தூக்குகிறவர் 300 பேரையும் தூக்காதவர் 300 பேரையும் சோதித்து, தூக்குகிறவர்களின் கைகளே வேகமாக இயங்குகின்றன என்று 1951-ல் சோர்பாஸ் என்பவருடன் சேர்ந்து வெளியிட்டார்.

இதனினும் பெரிய மாறுதல் ஒரு யுத்த கால ஆஸ்பத்திரியில் நிகழ்ந்தது. இரண்டாவது உலக மகாயுத்தத்தின் முடிவில் சிகாகோ நகரத்து கார்டினர் ராணுவ மருத்துவமனை, முழங்கால் அடிபட்ட சிப்பாய்களால் நிரம்பி வழிந்தது. இலேசான எடையைப் பலமுறை அசைக்கச் செய்வதே அந்நாளைய சிகிச்சை; அது மாதக்கணக்கில் இழுத்தடித்தது. அங்கே பணியாற்றிய டாக்டர் தாமஸ் டிலோர்ம், வாலிபத்தில் கீல்வாத ஜுரம் கண்டு படுத்து, இருதயத்துக்கு ஆகாது என்று எச்சரிக்கப்பட்டும் பார்பெல் பயிற்சியாலேயே தம் தேகத்தை மீட்டுக்கொண்டவர். தமக்குப் பலித்தது நோயாளிகளுக்கும் பலிக்கும் என்று நம்பி, ஒருவனால் பத்துத் தடவை மாத்திரம் தூக்கக்கூடிய எடை எது என்று முதலில் கண்டுபிடித்து, அந்த எடையையே அளவுகோலாக்கி, வாரந்தோறும் அதைக் கூட்டி வந்தார். 1945-ல் இதன் பலனைப் பிரசுரித்தார்; 1948-ல் வாட்கின்ஸ் என்பவருடன் சேர்ந்து, அந்த எடையில் பாதி, முக்கால், முழுமை என்று மூன்று தவணைகளில் பத்துப் பத்துத் தடவை தூக்கினால் போதும் என்று முறையைச் சுருக்கினார். நாடக மேடையிலும் தபால் விளம்பரத்திலும் கிடந்த ஒரு வித்தையை மருத்துவரின் மருந்துச்சீட்டில் ஏறும்படி செய்தவர் டிலோர்ம்; இந்தச் சரித்திரத்தில் முதல் ஆசனத்தை அவருக்கே அளிப்பேன். முதன்முதலாக இங்கே எடை மனிதனைச் சோதிக்கவில்லை; மனிதனை அளந்து எடை நிர்ணயிக்கப்பட்டது. பலவீனன் என்பவனும் அந்தக் கணக்குக்குள் ஓர் எண்ணாக அடங்கிவிட்டான்.

நம் பக்கத்துச் செய்தியையும் சிறிது சொல்லிச் செல்லலாம். தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை என்று நமக்கிருந்த பயிற்சிகளின் பெருமையைக் குறைக்க வேண்டியதில்லை. ஆனால் கட்டையின் எடையும் மாறாதது, தண்டாலில் தூக்குவது அவரவர் சரீர எடையே. பெங்களூரில் ஹெர்குலிஸ் ஜிம்னேசியத்தை நடத்திய கே. வி. ஐயர், 1930-ல் வெளிவந்த தம் ஆங்கில நூலின் மூலமும் தபால் பாடங்களின் மூலமும் பார்பெல்லையும் யோகாசனத்தையும் இணைத்துப் போதித்தார். அவர் கன்னடத்தில் நல்ல நாவல்கள் எழுதியவர் என்பதையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. சென்னையில் ஹாரி பக் 1920-ல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. தேகப்பயிற்சிக் கலாசாலை, உடற்பயிற்சியை ஒரு படிப்பாகவே ஆக்கிற்று. எனினும் இவை பெரும்பாலும் வாலிபர்களின் உலகங்களாகவே இருந்தன. குடும்பஸ்தனுக்கு விதிக்கப்பட்டது மாலை நேரத்து உலாத்தல்.

டிலோர்ம் வழிகாட்டிய பிறகும் இருபது முப்பது வருஷம் நடுப்பிராயத்தாருக்கு வைத்தியர்கள் சொன்னது நடை, ஓட்டம் ஆகியவைதாம். 1968-ல், ஓட்டத்தைப் பரிந்துரைத்த டாக்டர் கென்னத் கூப்பரின் நூல் வெளிவந்தபின் உலகமே ஓடத் தொடங்கியது. அமெரிக்க விளையாட்டு மருத்துவச் சங்கம் 1978-ல் வெளியிட்ட அறிக்கையில் இருதயத்துக்கான பயிற்சியே பேசப்பட்டது, தசைக்கான பயிற்சி 1990-ஆம் வருஷத்து அறிக்கையில்தான் சேர்ந்தது. அதே 1990-ல், பாஸ்டனில் உள்ள முதியோர் இல்லம் ஒன்றில் டாக்டர் மரியா ஃபியடரோனே செய்த பரிசோதனை வெளிவந்தது. 86 முதல் 96 பிராயம்வரை உள்ள, தளர்ந்துபோன பத்துப் பேர் காலுக்குரிய எடைப் பயிற்சியில் சேர்ந்தார்கள். தூக்கியது இலேசானதன்று, அவரவர் சக்தியில் பெரும்பகுதி. எட்டு வாரத்தை நிறைவு செய்த ஒன்பது பேரின் கால் பலம் சராசரி 174 சதவிகிதம் கூடியிருந்தது. தொடையின் தசையளவு 9 சதவிகிதம் பெருகியிருந்தது. இருவர் ஊன்றுகோலை விட்டு நடந்தார்கள். பயன்பட்டது பார்பெல் அன்று, எடை இயந்திரம். என்றாலும் கணக்கு அதே டிலோர்ம் கணக்கு. வின்ட்ஷிப் வாழ்ந்து மறைந்த அதே ஊரிலிருந்து இந்தச் செய்தி வந்ததைச் சரித்திரத்தின் குறும்பு என்று கொள்ளலாம்.

தொண்ணூறு பிராயத்தில் தசை வளருமானால் ஐம்பதில் வளராதா என்ற கேள்விக்கு அதன்பின் இடமில்லாமல் போயிற்று. முதுநிலையாளர் பளுதூக்கும் போட்டிகள் ஐந்தைந்து வருஷப் பிரிவுகளாக நடைபெறுகின்றன. வாரத்தில் இரண்டு நாளேனும் தசைகளுக்குப் பயிற்சி தர வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் வயதுவந்தோர் அனைவருக்கும் கூறுகிறது. ஐம்பது பிராயத்தவர் ஒருவர் வெறும் தண்டின் 20 கிலோவில் தொடங்கி வாரத்துக்கு இரண்டரைக் கிலோ மாத்திரம் ஏற்றினால், பதினாறு வாரத்தில் 60 கிலோவைத் தோளில் தாங்கிக் குந்தி எழுந்துவிடலாம். இரத்த அழுத்தமோ இருதயக் கோளாறோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே தண்டைத் தொட வேண்டும். கேட்டுவிட்டுத் தொடலாம் என்பதுதான் வின்ட்ஷிப் காலத்துக்கும் நம் காலத்துக்கும் உள்ள வேற்றுமை.

இன்று நம் ஊர்களில் தெருவுக்கொரு ஜிம் இருக்கிறது. உள்ளே போய்ப் பார்த்தால் 20 கிலோ பிளேட்டுகள் அடுக்கடுக்காக நிற்கும். ஒன்றேகால் கிலோ பிளேட்டைத் தேடினால் பெரும்பாலும் ஒரு ஜோடிகூட அகப்படாது, இருந்தாலும் அது மூலையில் எதற்காவது முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கும். போட்டிகளில்கூட 2005 முதல் ஒரு கிலோ வித்தியாசத்துக்கு எடை ஏற்ற அநுமதி உண்டு. பெண்களுக்கென்று 15 கிலோத் தண்டும் நெடுநாளாக வழக்கத்தில் இருக்கிறது. கூடம் நடத்துகிறவர்களும், ஊராட்சி நகராட்சிப் பூங்காக்களில் பயிற்சிச் சாதனங்கள் வாங்கிப் போடுகிற அதிகாரிகளும், அடுத்த முறை இரும்புக் கடைக்குப் போகும்போது பெரிய வட்டு ஒரு ஜோடியைக் குறைத்துக்கொண்டு, அரைக் கிலோவிலும் ஒரு கிலோவிலும் ஒன்றேகால் கிலோவிலும் சிறு வட்டுகளையும் ஓர் இலேசான தண்டையும் வாங்கி வைப்பார்களாக.